மத்திய மண்டபத்தில் ஒரு பச்சை அட்டை

2009 ஏப்ரலில் தொடங்கிப் பல வாரங்கள் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் பாராளுமன்றச் சதுக்கத்தில், இலங்கைப் போரை நிறுத்தக் கோரி நின்று குரல் கொடுத்த ஆயிரக்கணக்கான தமிழர்களில் நானும் ஒருவன். தெருவுக்கு மறுபுறம் இருந்த அந்தக் கட்டடத்துக்குள் சென்று, என் தொகுதி உறுப்பினரைப் பார்க்க வேண்டும் என்று கேட்கும் உரிமை எனக்கு உண்டு என்பது அப்போது எனக்குத் தெரியாது. 2023 மார்ச் மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில்தான், தஞ்சம் கோரியோருக்கு உதவும் எங்கள் சிறு குழுவைச் சேர்ந்த ஏழு பேருடன் முதன்முறையாக அதன் உள்ளே சென்றேன்.

எங்கள் கோரிக்கை எளிமையானது. அன்றைய விதிப்படி, தஞ்சம் கோரியவர், தம் தவறின்றி 12 மாதங்களுக்கு மேல் முடிவு வராமல் காத்திருந்தால் மட்டுமே வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்க முடிந்தது. அனுமதி கிடைத்தாலும், ஆள் பற்றாக்குறை உள்ளவை என்று அரசு பட்டியலிட்ட தொழில்களை மட்டுமே செய்ய முடிந்தது. அந்தக் காலத்தை ஆறு மாதமாகக் குறைத்துப் பட்டியலையும் நீக்க வேண்டும் என்று கேட்கவே சென்றோம்.

இங்கே ஓர் உறுப்பினர் தம் தொகுதியில் வசிப்போரின் விடயங்களை மட்டுமே கையில் எடுப்பார் என்பது உறுதியான மரபு. ஆகவே குழுவின் பெயரால் எழுதுவதில் பயனில்லை; ஒவ்வொருவரும் தத்தம் முகவரியைக் குறிப்பிட்டுத் தத்தம் உறுப்பினருக்கு எழுத வேண்டும். நாங்கள் மூன்று தொகுதிகளில் வசித்ததால் மூன்று உறுப்பினர்களுக்கு மூன்று வாரங்கள் முன்னதாகவே எழுதினோம். ஒருவருடைய உதவியாளர் நேரம் குறித்துத் தந்தார். இன்னொருவரிடமிருந்து தானியங்கிப் பதில் வந்தது. மூன்றாமவரிடமிருந்து எதுவுமே வரவில்லை.

பார்வையாளர் நுழைவாயில் குரொம்வெல் கிரீன் என்ற புல்வெளியை ஒட்டி இருக்கிறது. விமான நிலையத்தில் போலப் பை, இடுப்புப்பட்டி, கைபேசி எல்லாவற்றையும் தட்டில் வைத்துவிட்டுச் செல்ல வேண்டும். பதாகைகளுக்கு உள்ளே இடமில்லை. வாசகம் அச்சிட்ட ரி-சேர்ட்டையும் கழற்றவோ மறைக்கவோ சொல்வார்கள் என்று கேள்விப்பட்டிருந்ததால் சாதாரண உடையிலேயே போனோம். எங்களுடன் வந்த தம்பி ஒருவர் தஞ்ச முடிவுக்காக இரண்டு ஆண்டுகளாகக் காத்திருப்பவர். "அண்ணை, பொலிஸ் என்ர அட்டையைக் கேட்டால் என்ன செய்யிறது?" என்று வரிசையில் மூன்று முறை கேட்டார். எவரும் கேட்கவில்லை. கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு பார்வையாளர் அட்டையைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

நேரம் தந்த உறுப்பினரை வீதிக்கு மறுபுறம், உறுப்பினர்களின் அலுவலகங்கள் உள்ள போர்ட்கல்லிஸ் இல்லத்தில் சந்தித்தோம். அங்கே அவருடைய உதவியாளர் வந்து அழைத்துச் செல்லாமல் ஓர் அடிகூட நகர முடியாது. இருபது நிமிடம் பொறுமையாகக் கேட்டார். எழுத்துமூலக் கேள்வி ஒன்றை அமைச்சரிடம் கேட்பதாகச் சொன்னார். பக்கத்து மேசைகளில் பெரிய நிறுவனங்களின் ஆட்கள் போலத் தெரிந்தவர்கள் உறுப்பினர்களுடன் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு இது கிழமைக்கு ஒருமுறை நடக்கும் வேலையாக இருக்கலாம். நாங்களோ, தம்பியைத் தவிர ஏழு பேரும் அன்றைய கூலியை இழந்து, அல்லது விடுப்பு எடுத்து வந்திருந்தோம்.

மற்ற இரு உறுப்பினர்களுக்காக, ஆங்கிலத்தில் 'சென்ட்ரல் லொபி' எனப்படும் மத்திய மண்டபத்துக்குப் போனோம். 1097இல் கட்டப்பட்ட வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தைக் கடந்து, 1834ஆம் ஆண்டுத் தீ விபத்துவரை பொதுச்சபை கூடிய இடத்தில் எழுந்துள்ள புனித ஸ்தேவான் மண்டபத்தின் வழியாக நடந்தால், எட்டுப் பக்கங்கள் கொண்ட அந்த உயர்ந்த கூடம் வரும். உறுப்பினர்களைக் கண்டு கோரிக்கை வைப்பதை 'லொபி' என்று உலகம் முழுவதும் வழங்கும் சொல்லின் பொருளை அங்கே நின்றபோதுதான் உண்மையாக உணர்ந்தேன். மேசையில் இருந்த ஊழியரிடம் கேட்டதும் பச்சை நிற அட்டையைத் தந்தார். பெயர், முகவரி, பார்க்க விரும்பும் உறுப்பினர், காரணம் ஆகியவற்றை எழுத வேண்டும். "எனக்கு வாக்கில்லையே, நானும் எழுதலாமா?" என்று தம்பி தயங்கினார். தொகுதியில் வசித்தால் போதும் என்றார் ஊழியர். தம்பி தன் பெயரை ஒவ்வோர் எழுத்தாகப் பெரிதாக எழுதினார்.

ஊழியர்கள் அட்டையை எடுத்துச்சென்று உறுப்பினரைத் தேடுவார்கள். அகப்பட்டாலும் அவர் வந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமில்லை. சுவரோர இருக்கைகளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தோம். தானியங்கிப் பதில் அனுப்பியவரே முதலில் வந்தார். நான் வரமாட்டார் என்று எண்ணியிருந்தவரும் அவரே. என் தயாரித்த பேச்சின் முதல் வாக்கியம் முடியுமுன் வாக்கெடுப்பு மணி அடித்தது. மணி தொடங்கி 8 நிமிடங்களில் வாக்களிப்புக் கூடத்தின் கதவுகள் பூட்டப்படும். "மூன்று நிமிடம் நிற்க முடியும்" என்றார் அவர். நான் விலகித் தம்பியைப் பேசவிட்டேன். அரைகுறை ஆங்கிலத்தில், ஊரில் தான் மின்தொழிலாளி என்பதையும், இங்கே வாரம் 45 பவுண்டில் காலம் தள்ளுவதையும், வேலை செய்து வரி கட்டத் தனக்கு விருப்பம் என்பதையும் சொன்னார். உறுப்பினர் எங்கள் ஒருபக்கக் குறிப்பை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு ஓடினார். நாங்கள் நான்கு பக்கத்தில் எழுதிய விரிவான அறிக்கை என் பையிலேயே இருந்துவிட்டது. அடுத்த முறை அதை அச்சிடுவதாக இல்லை.

மூன்றாமவர் அகப்படவில்லை. அப்படியானால் அட்டையை உறுப்பினரிடம் சேர்த்துவிடுவது அங்குள்ள நடைமுறை. அது உண்மையாகவே நடந்தது: இரண்டு வாரத்துக்குப் பின், வெள்ளிக்கிழமை நூலகத்தில் நடக்கும் தம் தொகுதி மக்கள் சந்திப்புக்கு வரும்படி அவர் அழைப்பு அனுப்பினார்.

ஒரு மாதத்துக்குப் பின் தம்பியின் முகவரிக்குக் கடிதமொன்று வந்தது. அமைச்சரின் பதிலை, மண்டபத்தில் தம்பியின் பேச்சைக் கேட்ட உறுப்பினர் இணைத்திருந்தார். கொள்கையை மாற்றும் எண்ணமில்லை என்பதே அதன் சாரம். பச்சை நிறப் பாராளுமன்ற இலச்சினையின் கீழ் தன் முழுப் பெயரும் பிழையின்றி இருந்த முதல் பக்கத்தை, தம்பி தன் சட்டத்தரணியின் கோப்பில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்திருக்கிறார்.