முதல் ஒரு மணி நேரம்

ஜூன் 3

மருந்தை மெதுவாக விடும் காயத்துணி ஒன்றைச் செய்யும் முயற்சி இது. இரவு முழுதும் கலக்கிக் கரைத்த பாலியூரித்தேன் என்னும் நெகிழும் பாலிமரில், காலையில் டெட்ராசைக்ளின் ஹைட்ரோகுளோரைடு என்னும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தின் உப்பைச் சேர்த்து, மின்னழுத்தத்தால் கரைசலை நுண்ணிழைகளாக இழுக்கும் மின்நூற்பைத் தொடங்கினேன். மின்னழுத்தம் 15 கிலோவோல்ட். ஊசிமுனைக்கும் இழைகள் சேரும் உருளைக்கும் இடைவெளி 15 சென்டிமீட்டர். ஊசிமுனைத் துளி கூம்பாக நீண்டு, அதன் நுனியிலிருந்து மெல்லிய தாரை புறப்படுவதைப் பார்க்க எனக்கு இன்றும் அலுப்பதில்லை. 1964இல் இயற்பியலாளர் ஜெஃப்ரி டெய்லர் கணக்கிட்டுக் காட்டிய கூம்பு அதுதான். மாலையில் அலுமினியத் தாளிலிருந்து உரித்த பாய் வெளிர்மஞ்சளாக, முட்டையோட்டின் உட்தோல் போல இருந்தது. இழுத்துவிட்டால் பழைய அளவுக்கே சுருங்கியது.

ஜூன் 5

வெட்டிய துண்டுகளை உடல் வெப்பமான 37 பாகை செல்சியசில், 7.4 காரகாடித்தன்மை (pH) கொண்ட பாஸ்பேட் கரைசலில் இட்டேன். ஒரு மணி நேரத்துக்குள் கரைசல் மஞ்சளாகிவிட்டது. தாரை பறக்கும்போது கரைப்பான் ஆவியாக, பாலிமருடன் ஒட்டாத இந்த உப்பு இழையின் மேற்பரப்புக்கு ஒதுங்கிவிடுகிறது. ஆகவே நீர் பட்டதும் அது கரைந்துவிடுகிறது. பாலியூரித்தேன் சில நாட்களில் சிதைவதில்லை என்பதால், உள்ளே எஞ்சிய மருந்து விரவல் வழியாக, அதாவது செறிவு மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குப் பரவுவதன் மூலம் மட்டுமே, மெதுவாக வெளிவர வேண்டியிருக்கிறது. தொற்றுக்கு முதலில் கூடுதல் மருந்து தேவைதானே என்று முதல் மணி நேரத்தின் இந்த வெள்ளத்தை நியாயப்படுத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை. நாம் திட்டமிடாத அளவு மருத்துவமாகாது.

ஜூன் 6

குப்பிகளைத் தாள் சுற்றாமல் சன்னலோரம் வைத்துவிட்டேன். டெட்ராசைக்ளின் ஒளியில் சிதையும். அளவீடுகள் அனைத்தையும் நீக்கினேன்.

ஜூன் 12

புதிய அளவீடுகளை, வெளிவந்த மருந்தின் அளவை நேரத்தின் அடுக்காகக் காட்டும் அடுக்குக்குறிச் சமன்பாட்டில் பொருத்தினேன். உருளை வடிவ இழைக்கு அடுக்கு 0.45 என்றால் விரவல் மட்டுமே நடக்கிறது என்று பொருள். ஆனால் அந்தச் சமன்பாடு முதல் 60 சதவீத வெளியீட்டுக்கே செல்லும். அந்தப் பகுதியைத் தொடக்க வெள்ளமே விழுங்கிவிட்டபோது, கிடைத்த அடுக்கை அறிக்கையில் எழுதுவது நேர்மையாகாது.

ஜூன் 19

முழங்காலில் ஒட்டும் காயத்துணி நடக்கும் ஒவ்வோர் அடிக்கும் நீளும். நாமோ அசையாத துண்டை மட்டுமே சோதிக்கிறோம். எஃகுச் சட்டத்தில் இழுத்துப் பிடித்த துண்டு, தளர்ந்த துண்டைவிட வேகமாக மருந்தை விட்டது. இழைகள் மெலிந்து, இடைவெளிகள் திறந்து, நீர் உட்புகுவதே காரணமாக இருக்க வேண்டும். நெகிழ்வுக்காகத் தேர்ந்த பொருளை நெகிழ்த்திப் பார்க்காமல் விட்டது பெரும் பிழை.

ஜூன் 27

தொடக்க வெள்ளத்தைத் தடுக்க, உள்ளே மருந்துக் கரைசல், வெளியே உறையாக வெறும் பாலியூரித்தேன் என, ஒன்றினுள் ஒன்றான இரட்டை ஊசியில் நூற்றேன். உறையின் ஓட்டத்தைக் கூட்டிய பிறகே கூம்பு நிலைத்தது. இழுத்த துண்டையும் தளர்ந்த துண்டையும் ஒரே நேரத்தில் கரைசலில் இட்டேன். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தபோது தளர்ந்த துண்டின் குப்பி தெளிந்திருந்தது. இழுத்ததில் மட்டும், வெள்ளைத் தாளின்மேல் பிடித்தால் தெரியும் அளவுக்கு மஞ்சள் படர்ந்திருந்தது.