‘சொல்லிக்காட்டுவது’ செக் மொழியில் எப்படி?

ஆங்கிலத்திலிருந்து செக்குக்கு மொழிபெயர்க்கும் தேர்வை செக் குடியரசின் பிர்னோ நகரில் முதல்முறை எழுதியபோது தோற்றேன். தாளின் இரண்டாவது வாக்கியத்திலேயே சறுக்கல். மகள் செய்துகொள்ளப்போகும் கல்யாணம் அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. ஆங்கிலத்தில் ‘டிஸ்அப்ரூவ்’ என்று இருந்தது. ‘அப்ரூவ்’ என்றால் ஒப்புதல் தருவது, எதிர்மறை சேர்த்தால் சரியாகிவிடும் என்று ‘நெஸ்ஹ்வாலில்’ என்று எழுதினேன். பிறகு தாளைக் காட்டி ஆசிரியை கேட்டார்: “இந்த அப்பாவிடம் யாராவது மனு கொடுத்திருந்தார்களா?”

செக் வினைகள் பெரும்பாலும் இணையாக வரும். ஒன்று முடிந்துபோன செயலைச் சொல்லும், மற்றது நடந்துகொண்டோ நீடித்துக்கொண்டோ இருப்பதைச் சொல்லும். ‘நெஸ்ஹ்வாலில்’ முடிந்த செயல். நகராட்சி ஒரு கட்டட வரைபடத்தை ஏற்க மறுத்தது என்றால் அது பொருந்தும். அப்பாவின் மனத்தாங்கல் ஒரே நாளில் முடிகிற காரியமா? அதற்கு நீடிக்கும் வடிவமான ‘நெஸ்ஹ்வலோவல்’ வேண்டும். அதைவிட இயல்பானது ‘நெசோவ்ஹ்லாசில்’. ‘சோவ்ஹ்லாஸ்’ என்ற சொல்லைப் பிரித்தால் ‘சேர்ந்த குரல்’ என்று வரும். நம் ‘உடன்பாடு’ நினைவுக்கு வருகிறதா? எனக்கு வந்தது, ஆனால் தேர்வு முடிந்த பிறகுதான் வந்தது.

அதிருப்தியையும் கண்டிப்பையும் சொல்லும் இந்த வகைச் சொற்களுக்குத் தயாராகிறவர்களுக்கு என் முதல் யோசனை இதுதான்: ஆங்கிலச் சொல்லுக்கு நேராக செக் சொல்லைத் தேடாதீர்கள். அந்த இடத்தைத் தமிழில் எப்படிச் சொல்வோம் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். கண்டிப்பது, கடிந்துகொள்வது, திட்டுவது, குறை சொல்வது, குத்திக்காட்டுவது, சொல்லிக்காட்டுவது, முகம் சுளிப்பது என்று நம்மிடம் ஏராளமாக இருக்கின்றன. யார் யாரிடம், எந்த உரிமையில் சொல்கிறார் என்பது நம் சொல்லிலேயே தெரிந்துவிடும். செக் மொழியும் ஏறக்குறைய அப்படித்தான் பிரித்துப் பார்க்கிறது. இலக்கணத்திலும் ஒரு சௌகரியம் உண்டு. ‘எனக்குப் பிடிக்கவில்லை’ என்பதை செக்கில் ‘நெலீபீ சே மி தோ’ என்பார்கள். அந்த ‘மி’ நம் ‘எனக்கு’தான், அதே நான்காம் வேற்றுமை. ஆங்கிலம் வழியாகப் போனால் ‘நான்’ என்று தொடங்கி வீணாகச் சுற்றுவோம்.

அதிகம் உழைக்க வேண்டிய இடம் ‘ரெப்ரோச்’, அதாவது ஒருவரைக் குறை சொல்லிக் கடிந்துகொள்வது. அகராதியில் ‘வீத்கா’, ‘வீச்சித்கா’ என்று இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். எழுத்தும் ஒலியும் கிட்டத்தட்ட ஒன்று போலிருப்பதால் எதைப் போட்டாலும் சரிதான் என்று தோன்றும். அப்படி இல்லை.

வீத்கா என்பது சுட்டிக்காட்டப்படும் குறை. இதன் வினையான ‘வித்க்னோவ்த்’ செக் பள்ளிகளில் கணக்கு வகுப்பிலும் வரும்: பொதுக் காரணியை அடைப்புக்குறிக்கு வெளியே எடுத்து முன்னால் வைப்பது. அந்தப் படத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் சொல் மறக்காது. உள்ளே இருக்கும் தவறை எடுத்து எல்லார் கண்ணிலும் படும்படி வெளியே வைக்கிறார்கள். வேலையில் ஒழுங்கு தவறியவருக்கு நிறுவனம் எழுத்தில் தரும் எச்சரிக்கைக்கு ‘விதீகத்சீ தொபிஸ்’ என்று பெயர். சொல்பவருக்கு இதில் மனக்காயம் எதுவும் இருக்க வேண்டியதில்லை.

வீச்சித்காவில் காயம் இருக்கிறது. உனக்காக எவ்வளவு செய்தேன், நீ ஒரு தடவையாவது வந்து பார்த்தாயா என்று அம்மா சொல்வது வீச்சித்கா. நம் ‘சொல்லிக்காட்டுவது’ அப்படியே இதற்குப் பொருந்தும். சொல்லுக்குள் இருப்பது ‘வாசி’ என்ற வினை. பழைய கணக்கை எடுத்து ஒவ்வொன்றாக வாசித்துக்காட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். மனசாட்சி உறுத்துவதற்கும் இதே சொல்தான், பன்மையில்: ‘வீச்சித்கி ஸ்வெதோமீ’. தன்னைத் தானே சொல்லிக்காட்டிக்கொள்வது. இதைப் புரிந்துகொண்ட நாளில் எனக்கு உண்டான சந்தோஷம் சொல்லி மாளாது.

அடுத்தது ‘சென்ஷர்’, அதாவது முறைப்படி கண்டிப்பது. ஒலியை நம்பி ‘த்ஸென்ஸுரா’ என்று எழுதினால் மதிப்பெண் போய்விடும், ஏனென்றால் அது தணிக்கை. அந்த நாட்டில் அது கனமான சொல். 1968 ஜூனில் சட்டம் போட்டுத் தணிக்கையை ஒழித்தார்கள், ஆகஸ்டில் சோவியத் தலைமையிலான வார்சா ஒப்பந்தப் படைகள் நுழைந்த பிறகு அது திரும்பி வந்தது. ஒரு சபை தன் உறுப்பினரைக் கண்டிக்கிறது என்ற இடத்தில் ‘போகாரானீ’ என்று போடலாம். பள்ளியில் மாணவனுக்குத் தரும் எழுத்துக் கண்டிப்பு என்றால் படிகள் உண்டு: முதலில் ‘நபொமெனுதீ’, அப்புறம் வகுப்பாசிரியர் தரும் ‘தூத்கா’, அதற்கும் மேல் தலைமையாசிரியர் தரும் தூத்கா. கால்பந்தில் மஞ்சள் அட்டை காட்டுவதும் நபொமெனுதீதான்.

‘கண்டெம்’, அதாவது வன்மையாகக் கண்டிப்பது என்பதற்கு ‘ஒட்சோவ்டித்’. நீதிமன்றம் தண்டனை விதிப்பதற்கும் அதே சொல் என்பதால், அதற்குப் பின்னால் வரும் முன்னிடைச் சொல்லைப் பாருங்கள். ‘க’ வந்தால் தண்டனை. கடையில் பழுதான பொருளைத் திருப்பிக் கொடுத்து உரிமை கோருவது ‘ரெக்லமத்ஸே’, ஒருவர் நடந்துகொண்ட விதத்தைப் பற்றிய புகார் ‘ஸ்தீஷ்னொஸ்த்’. இவற்றைக் குழப்பாமல் இருந்தால் போதும்.

சொல்லே இல்லாத அதிருப்திக்கும் தயாராக வேண்டும். பிர்னோவில் டிராமை ‘ஷாலினா’ என்பார்கள். ஒரு மாலை பக்கத்து இருக்கையில் என் பையை வைத்திருந்தேன். ஏறிய பாட்டி பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ‘நோ தெடி’ என்றார், தலையை லேசாக ஆட்டினார். நான் பையை மடிக்கு எடுத்துக்கொண்டேன். ‘நோ தெடி’க்கு அகராதியில் பெரிதாக ஒன்றும் கிடைக்காது, ‘அடடா, இது என்ன’ என்கிற தொனி, அவ்வளவுதான். ஆங்கிலக் கதையில் ஒரு கிழவி அதிருப்தியோடு பார்த்தாள் என்று வந்தால், எல்லா இடத்திலும் கனத்த பெயர்ச்சொல்லைத் திணிக்க வேண்டியதில்லை என்று எனக்குக் காட்டியது அந்தப் பாட்டிதான். ஊரார் முகம் சுளிக்கும் பழக்கம் என்றால் ‘தோ சே நெட்யெலா’ என்ற பேச்சே போதும்: அப்படியெல்லாம் செய்யக் கூடாது.

பயிற்சிக்கு நான் பயன்படுத்தியது செக் தேசியச் சொல்வங்கியின் ‘ட்ரெக்’ கருவி. ஆங்கிலச் சொல்லைக் கொடுத்தால் இணை மொழிபெயர்ப்புகளில் அதற்கு நேராக எந்தச் செக் சொற்கள் எத்தனை முறை வந்திருக்கின்றன என்று காட்டும். எண்ணிக்கையை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். இலக்கியம், ஐரோப்பிய நாடாளுமன்ற உரை, படங்களின் வசன வரிகள் என்று பகுதி பிரித்துத் தேடலாம். அப்படித் தேடி, ஒவ்வொன்றிலும் பத்து வாக்கியமாவது வாசியுங்கள். பழைய பெரிய அகராதியில் பார்க்கும் ‘காரத்’ போன்ற வினைகள் ஏட்டு நடை. பிள்ளையைத் திட்டும் அம்மாவுக்கு ‘வினதலா’ போதும், திட்டு வாங்குபவர் அங்கும் நான்காம் வேற்றுமையில் வருவார். நோட்டில் ஒவ்வொரு வினைக்கும் பக்கத்தில் வேற்றுமையையும் இணை வினையையும் எழுதிவைத்தேன். சொல் தெரிந்தும் வேற்றுமை தவறினால் வாக்கியம் நிற்காது.

மறுதேர்வில் ஒரு கணவன் மனைவியைப் பற்றிய பத்தி வந்தது. கடைசி வாக்கியத்தில் அவள் அவனை ஒருபோதும் ‘ரெப்ரோச்’ செய்யவில்லை என்று இருந்தது. அவள் அவனிடம் ஒருநாளும் எதையும் சொல்லிக்காட்டியதில்லை என்று முதலில் தமிழில் ஓரத்தில் கிறுக்கிக்கொண்டேன். அப்புறம் எழுதினேன்: ‘நிக்டி மு நிட்ஸ் நெவிச்சீதலா.’ ‘மு’ அவனுக்கு, ‘நிட்ஸ்’ எதையும், வினை நீடிக்கும் வடிவத்தில். திருத்திய தாள் கைக்கு வந்தபோது அந்த வரியில் சிவப்பு மை இல்லை.