அப்பா ஏறிய காற்றாடிமலை

அம்மா நேர்ந்துகொண்டது 2018 பிப்ரவரியில். நிறைவேறியது 2023 ஜனவரி 14 அன்று, விசுவாசத்துக்காக உயிர்விட்ட மறைசாட்சி தேவசகாயத்தின் திருநாளில். இடைப்பட்ட ஐந்து வருடத்தில் "எப்பம் போவோம் மக்கா?" என்று அம்மா கேட்காத மாதமே கிடையாது. நேர்ச்சை இதுதான்: அப்பா சொந்தக் காலில் காற்றாடிமலை ஏற வேண்டும், தேவசகாயம் உயிர்விட்ட இடத்தில் மெழுகுவர்த்தி கொளுத்த வேண்டும். தூக்கிக்கொண்டு போனால் கணக்கில்லை என்று அம்மா கறாராகச் சொல்லிவிட்டாள்.

2017 நவம்பர் 30-ஐ எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. கோட்டாறு சவேரியார் திருவிழா நடந்துகொண்டிருந்த நேரம். ஒக்கி புயல் அடித்து ஓய்ந்தபோது குலை தள்ளி நின்ற நானூறு மூடு ஏத்தன் வாழையும் தரையில் கிடந்தது. ஒன்றுகூட மிஞ்சவில்லை. ரப்பர் மரங்கள் பாதியில் முறிந்து பால் வடிந்துகொண்டிருந்தன. கடன் வாங்கி வைத்த வாழை. அப்பா வரப்பில் உட்கார்ந்தார், பேசவில்லை. ஆனால் கடற்கரை ஊர்களில் கடலுக்குப் போனவர்கள் திரும்பாமல் பெண்கள் கரையிலேயே காத்துக் கிடந்ததைக் கேட்டபிறகு, எங்கள் நஷ்டத்தை நஷ்டம் என்று சொல்லவே எங்களுக்கு வாய் வரவில்லை.

அடுத்த அடி இரண்டே மாதத்தில். காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்த அப்பா அப்படியே சரிந்தார். வாய் கோணிவிட்டது, வலது பக்கம் அசைவே இல்லை. முதலில் போன ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்க ஆள் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். இரண்டாவது இடத்தில் சேர்த்தபோது நேரம் ரொம்பக் கடந்துவிட்டது.

அன்று ராத்திரி ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் அம்மாவிடம் கோபப்பட்டேன். தினமும் ஜெபமாலை சொல்கிற வீட்டுக்கு இது எதற்கு என்று கேட்டேன். அம்மா அழுதுகொண்டே, "டிலனாய் நீலகண்டனுக்கு என்ன சொன்னாரு? யோபு கதையத்தானே சொன்னாரு" என்றாள்.

உதயகிரிக் கோட்டையைத் தாண்டாமல் நான் பள்ளிக்கூடம் போனதில்லை. குளச்சல் போரில் 1741-இல் பிடிபட்ட டச்சுப் படையின் டிலனாய், திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படைத்தலைவராகி, கடைசியில் அந்தக் கோட்டைக்குள்ளேயே அடக்கமானவர். மாடுகள் செத்து, பயிர் அழிந்து, மனம் உடைந்து நின்ற அரண்மனை அதிகாரி நீலகண்டனுக்கு அவர் சொன்னது, எல்லாவற்றையும் இழந்தும் கடவுளை விடாத பைபிள் யோபுவின் கதை. அதைக் கேட்டுத்தான் நீலகண்டன் வடக்கன்குளத்துக்குப் போய் 1745-இல் ஞானஸ்நானம் வாங்கி தேவசகாயம் ஆனார். அதற்குப் பிறகாவது கஷ்டம் தீர்ந்ததா? 1749-இல் கைது, எருமை மேல் பின்பக்கமாக உட்காரவைத்து ஊர் ஊராக அடி, காயத்தில் மிளகாய்ப்பொடி. மனைவி ஞானப்பூ ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். 1752-இல் சுட்டுக் கொன்றார்கள். சின்ன வயசிலிருந்து கேட்ட கதைதான். அன்றைக்கு அந்த வராந்தாவில்தான் அது எனக்குள் இறங்கியது. விசுவாசித்ததால் அவருக்கு அடி விழாமல் போகவில்லை. அடி விழுந்தபோது அவர் தனியாகவும் இல்லை.

அப்பா கம்பூன்றி முற்றத்தில் நடக்கவே ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அப்புறம் கொரோனா. 2022 மே 15-இல் ரோமில் புனிதர் பட்டம் கொடுத்ததை டிவியில் பார்த்தபோது அப்பாவே வாய் திறந்தார்: "இனி போவலாம்."

புனிதர் பட்டத்துக்குப் பிறகு வந்த முதல் ஜனவரி திருநாள், கூட்டத்துக்குக் கேட்க வேண்டுமா! வழியில், தேவசகாயம் முட்டியால் இடித்ததும் தண்ணீர் வந்ததாகச் சொல்கிற புலியூர்க்குறிச்சி முட்டிடிச்சான் பாறையில் தண்ணீர் எடுத்து, அதிலேயே அப்பா காலை மாத்திரையை முழுங்கினார். ஆரல்வாய்மொழி தாண்டியதும் வண்டி நகரவில்லை. வெகு தூரத்திலேயே இறக்கிவிட்டார்கள். கோவில் வாசல் வரை கொண்டுவிடுகிறேன் என்று ஒரு ஆட்டோக்காரர் கேட்ட காசுக்கு நாகர்கோவில் போய்த் திரும்பலாம். மெழுகுவர்த்தி விலை இரண்டு மடங்கு. கம்பூன்றி நடக்கிற மனிதரை இடித்துத் தள்ளிக்கொண்டு போகிறவர்களும் கையில் ஜெபமாலைதான் வைத்திருந்தார்கள். மனசு வலித்தது.

ஏற்றத்தில் நான் கை கொடுத்தேன். "பிடிக்காண்டாம் மக்களே, நான் ஏறுதேன்" என்றார். பத்து அடி, ஒரு நிறுத்தம். மறுபடி பத்து அடி. வலது செருப்பு நழுவிக்கொண்டே இருந்ததால் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஏறினார். எவ்வளவு நேரம் ஆனது என்று நான் பார்க்கவில்லை. பின்னால் அம்மா ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஒரு "அருள் நிறைந்த மரியே" ஜெபம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

மேலே மறைசாட்சி முழந்தாளிட்டு ஜெபித்த தடம் இருக்கிற பாறைக்கு முன்னால் அப்பா நின்றார். சிலுவை போட வலது கையைத் தூக்கப் பார்த்தார். அது இடுப்புக்கு மேலே வரவில்லை, இன்றுவரை வருவதில்லை. அம்மா அந்த மணிக்கட்டைப் பிடித்து மெதுவாகத் தூக்கி நெற்றியில் வைத்தாள். அப்புறம் நெஞ்சில். இடது தோள், வலது தோள். மடங்கியே போன அந்த விரல்கள் அப்பாவின் சட்டையில் உரசிய சத்தம்கூட எனக்குக் கேட்டது. அவ்வளவு கூட்டத்திலும் கேட்டது. அப்பா "ஆமென்" என்றார், கோணிய வாயில் தெளிவாக.

காற்றில் மெழுகுவர்த்தி நிற்கவில்லை. மூன்று தடவை அணைந்தது. முன்பின் தெரியாத ஒரு அம்மா முந்தானையை விரித்து மறைத்துக்கொண்டார், கொளுத்தினோம். தூத்தூர்ப் பக்கம் என்றார். ஒக்கியில் மகனைப் பறிகொடுத்தவர். "நான் கேக்க வரல்ல, நன்றி சொல்லத்தான் வந்தேன்" என்றார் அவர். எதற்கு நன்றி என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அம்மா அவரைக் கட்டிக்கொண்டாள்.

ஆண்டவரே, நன்றி. புனித தேவசகாயமே, நன்றி. அப்பாவின் காலுக்கு நன்றி, வராத கைக்கும் அதைத் தூக்கிவிட அம்மாவை வைத்திருப்பதற்கும் நன்றி. அப்பா சரிந்த அன்றைக்கு வண்டி எடுத்துக்கொண்டு ஓடிவந்த பக்கத்து வீட்டு அண்ணனுக்கும், வட்டியை நிறுத்தி வைத்த கடைக்காரருக்கும், அந்தத் தூத்தூர் அம்மாவின் முந்தானைக்கும் நன்றி.

தட்டினால் மணிபோல ஒலிக்கிற மணியடிச்சான் பாறையில் ஆளாளுக்குக் கல்லால் தட்டிக்கொண்டிருந்தார்கள். அப்பாவும் ஒரு கல்லை இடது கையில் எடுத்துத் தட்டினார். கணீரென்று கேட்டது. சிரித்தார். இன்னொரு தடவை தட்டினார்.