செம்பருத்தியில் மாவுப்பூச்சி: தோட்ட நாட்குறிப்பு

மார்ச் 4

செம்பருத்தித் தண்டில் எறும்புகள் சாரை சாரையாக ஏறுவதைக் கண்டு, அவை போகும் வழியைத் தொடர்ந்து பார்த்தேன். சுருண்டிருந்த நுனிக் குருத்திலும், இலைக்காம்பு தண்டோடு சேரும் இடுக்குகளிலும் மாவுப்பூச்சி வெள்ளைப் பஞ்சாக அப்பியிருந்தது. சாற்றை உறிஞ்சியபின் பூச்சிகள் கழிக்கும் இனிப்பான தேன் திரவத்துக்காகவே எறும்புகள் அங்கே செல்கின்றன. அதற்கு ஈடாக, மாவுப்பூச்சியைத் தின்ன வரும் உயிர்களை அவை விரட்டிவிடுகின்றன. கீழ் இலைகளைக் கறுப்பாக்கியிருந்த கரும்பூசணமும் அத்திரவத்தின் மேல் வளர்ந்ததுதான். ஆகவே எறும்பைத் தடுக்காமல் மருந்தை மட்டும் தெளிப்பது பாதி வேலையே என்பது என் உறுதியான எண்ணம்.

மிகவும் பாதிக்கப்பட்ட நுனிகளை வெட்டிப் பையிலிட்டு, வாயை இறுகக் கட்டி அப்புறப்படுத்தினேன். தண்டைச் சுற்றித் துணிப்பட்டை கட்டி, அதன்மேல் வாசலின் பூசினேன். சுவரைத் தொட்டுக்கொண்டிருந்த கிளையையும் கத்தரித்தேன்; இல்லையெனில் அதுவே எறும்புகளுக்குப் பாலமாகிவிடும்.

மார்ச் 5

வெயில் தாழ்ந்த பிறகு, 1 லிட்டர் நீரில் 5 மி.லி. வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து, இலைகளின் அடிப்புறம் நனையுமாறு தெளித்தேன். சோப்பு சேர்க்காவிட்டால் எண்ணெய் நீரில் கலக்காமல் மேலே மிதக்கும். கடும் வெயிலில் தெளித்தால் இலை கருகும்.

மார்ச் 12

இரண்டாம் முறையும் தெளித்தேன். பஞ்சுப் பைக்குள் இருக்கும் முட்டைகள் முதல் தெளிப்பில் தப்பிவிடுவதால் இது கட்டாயம். தழைச்சத்து மிகுந்த உரத்தை இப்போதைக்கு நிறுத்தியிருக்கிறேன். அது தரும் மென்மையான குருத்துகளையே பூச்சிகள் முதலில் நாடும்.

மார்ச் 20

இன்று கண்டது மிகுந்த மகிழ்ச்சி தந்தது. மாவுப்பூச்சியைப் போலவே வெள்ளை மெழுகு இழைகள் போர்த்திய, ஆனால் அதைவிடப் பெரியதும் வேகமாக நகர்வதுமான புழு ஒன்று, மாவுப்பூச்சிக் கூட்டத்தைத் தின்றுகொண்டிருந்தது. அது கிரிப்டோலேமஸ் என்னும் பொறிவண்டின் புழு. தோற்றத்தை மட்டும் பார்த்துப் பலரும் இதை நசுக்கிவிடுகிறார்கள் என்பது வருத்தத்துக்குரியது. வெள்ளையாகத் தெரியும் எதையும் கொல்லும்முன் அது நகரும் வேகத்தைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். இனி இச்செடியில் வேப்பெண்ணெய் தெளிக்கப்போவதில்லை.

மார்ச் 29

புதுக் குருத்துகள் சுருளாமல் விரிந்திருக்கின்றன. துணிப்பட்டையில் தூசி படிந்திருந்ததால் வாசலினைப் புதிதாகப் பூசினேன். பக்கத்திலுள்ள கத்தரிச் செடிகளின் இலைகளையும் திருப்பிப் பார்த்தேன். அவற்றில் மாவுப்பூச்சி இல்லை.