கிளைக்கான் பாடம்: சர்க்கரையின் பெயரோடு நிற்காதீர்கள், பிணைப்பைப் படியுங்கள்

கிளைக்கான்கள், அதாவது செல் மேற்பரப்பில் உள்ள சர்க்கரைச் சங்கிலிகள் என்றதும் பலரும் பெயர்களை மனப்பாடம் செய்யத் தொடங்குகிறார்கள். மதிப்பெண் பறிபோவது பெரும்பாலும் பிணைப்பில்தான். 3 வெவ்வேறு அமினோ அமிலங்களைக் கோத்தால் 6 பெப்டைடுகள் மட்டுமே கிடைக்கும். 3 வெவ்வேறு ஹெக்சோஸ்களை (ஆறு கார்பன் சர்க்கரைகளை) கோத்தால் 1,056 முதல் 27,648 வரை வெவ்வேறு சங்கிலிகள் வரும். எந்தக் கார்பனில் இணைகிறது, பிணைப்பின் திசை ஆல்பாவா பீட்டாவா, வளையத்தின் அளவென்ன, கிளை உண்டா என ஒவ்வொன்றும் மாறக்கூடியது. அதனால் "காலக்டோஸில் சியாலிக் அமிலம்" என்று எழுதுவது அரை விடை. மனித இன்ஃபுளுவென்சா வைரஸ் முக்கியமாக ஆல்பா 2,6 பிணைப்பையும் (சியாலிக் அமிலத்தின் 2-ஆம் கார்பன் காலக்டோஸின் 6-ஆம் கார்பனோடு), பறவை வைரஸ் ஆல்பா 2,3 பிணைப்பையும் பற்றுகிறது.

என்-கிளைக்கானுக்கு (புரதத்தின் அஸ்பராஜின் என்ற அமினோ அமிலத்தில் ஏறும் சங்கிலிக்கு) முதலில் மையப்பகுதியை வரையுங்கள்: அஸ்பராஜினில் 2 என்-அசிட்டைல்குளுக்கோசமைன், அதன்மேல் 3 மேனோஸ். புரதத்தில் அது ஏறும் இடம்: அஸ்பராஜின், ஏதேனும் ஓர் அமினோ அமிலம், பிறகு செரின் அல்லது திரியோனின். நடுவில் புரோலின் வரக்கூடாது. இந்த வரிசை இருந்தாலே சர்க்கரை ஏறியிருக்கும் என்று எழுதிவிடாதீர்கள். காலியாகவே இருக்கும் இடங்களும் உண்டு.

செய்முறைக் கேள்வியில், என்-கிளைக்கானைப் புரதத்திலிருந்து வெட்டும் பிஎன்ஜிஏஸ் எஃப் நொதி அடிக்கடி வரும். புரதத்தை எஸ்டிஎஸ் என்ற வலுவான சோப்புப் பொருள் சேர்த்து 100 டிகிரியில் 10 நிமிடம் சூடாக்கி மடிப்பைக் குலைக்க வேண்டும். நொதியை இடுமுன் என்பி-40 என்ற மென்மையான சோப்புப் பொருளைச் சேர்ப்பது கட்டாயம். இல்லையென்றால் எஸ்டிஎஸ் நொதியையே முடக்கிவிடும். மையப்பகுதியில் ஆல்பா 1,3 ஃபியூக்கோஸ் உள்ள தாவரக் கிளைக்கான்களை இந்நொதி வெட்டாது; அங்கே பிஎன்ஜிஏஸ் ஏ வேண்டும். வெட்டிய இடத்தில் அஸ்பராஜின் அஸ்பார்ட்டிக் அமிலமாகி எடை 0.984 டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) கூடும். அதே மாற்றம் நொதியின்றித் தானாகவும் நிகழும் என்பதால் இதை மட்டும் சான்றாக்குவது ஆபத்து. ஆக்சிஜன்-18 நீரில் வெட்டினால் ஏறத்தாழ 3 டால்டன் கூடும், அந்தச் சமயத்தில் நடந்த மாற்றம் பிரிந்து தெரியும்.

எடைக் கணக்குக்கு, சங்கிலியில் கோத்த நிலையில் ஒவ்வொரு சர்க்கரையின் எடையாக நான்கு எண்கள் (டால்டனில்) போதும்: ஹெக்சோஸ் 162.053, என்-அசிட்டைல்ஹெக்சோசமைன் 203.079, ஃபியூக்கோஸ் 146.058, சியாலிக் அமிலம் 291.095. 5 மேனோஸும் 2 என்-அசிட்டைல்குளுக்கோசமைனும் கொண்ட விடுபட்ட கிளைக்கானுக்கு நீரின் 18.011 சேர்த்தால் 1234.43, சோடியம் அயனியாக 1257.42. நீரை விட்டுவிடுவதுதான் வழக்கமான பிழை. 2 ஃபியூக்கோஸ் 292.116, ஒரு சியாலிக் அமிலத்தோடு சுமார் 1 டால்டன்தான் வேறுபாடு, கனமான ஐசோடோப்பால் 1 டால்டன் தள்ளி வரும் உச்சியைப் பார்த்து ஏமாறாதீர்கள். மேனோஸ், காலக்டோஸ், குளுக்கோஸ் மூன்றும் ஒரே எடை. எடையை மட்டும் வைத்து இவற்றைப் பிரிக்க முடியாது; பிரிக்கச் சொன்னால், குறிப்பிட்ட சர்க்கரையையும் பிணைப்பையும் மட்டும் நுனியிலிருந்து வெட்டும் எக்சோகிளைக்கோசிடேஸ் நொதிகளை வரிசையாகப் பயன்படுத்துவதை விடையில் எழுதுங்கள்.