பத்து விநாடி

1986-லிருந்து ஆறு வருடம் கும்பகோணத்தில் ஒரு ரெக்கார்டிங் சென்டரில் வேலை பார்த்தேன். பாட்டு லிஸ்டும் வெற்றுக் கேசட்டும் கொடுத்துவிட்டுப் போவார்கள். எல்.பி. ரெக்கார்டிலிருந்து ஒவ்வொரு பாட்டாகப் பதிந்து வைப்போம். காப்பிரைட் சட்டப்படி அது தப்பான தொழில். அப்போது ஊருக்கு ஊர் நடந்துகொண்டிருந்ததால் எங்களுக்கு அது உறைக்கவில்லை.

அறுபது நிமிடக் கேசட்டைப் பதிய அறுபது நிமிடம் ஆகும். அதனால் யார் கொடுத்த லிஸ்டாக இருந்தாலும் முழுசாக நானும் கேட்டாக வேண்டும். வெள்ளிக்கிழமை தூர்தர்ஷனில் 'ஒளியும் ஒலியும்' முடிந்தால் சனிக்கிழமை காலையில் கடையில் கூட்டம் நிற்கும். முந்தின இரவு பார்த்த அதே ஐந்தாறு பாட்டு எல்லா லிஸ்டிலும் இருக்கும். ஒரு சைடுக்கு முப்பது நிமிடம். ஏழு பாட்டை அடைத்து, மீதி ஒரு நிமிடம் இருந்தால் அதிலும் ஒரு துண்டுப் பாட்டு வேண்டும் என்பார்கள். பாட்டு முடிந்ததும் பாஸ் பட்டனை அழுத்தி, ஊசியை மாற்றி வைத்து, மூச்சு விடுவதற்குள் அடுத்ததைத் தொடங்கிவிடுவேன். அதுதான் கை சுத்தம் என்று முதலாளி பாராட்டுவார்.

கணக்குப்பிள்ளை சார் அந்தப் பழக்கத்துக்கு நேர் எதிர். பித்தளைப் பாத்திரக் கடை ஒன்றில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். கடைக்குப் பின்னாலேயே பட்டறை. முதல் தடவை வந்தபோது லிஸ்டை நீட்டிவிட்டுச் சொன்னார்: "ஒரு சைடுக்கு ஆறு பாட்டு போதும் தம்பி. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவுல பத்து விநாடி சும்மா ஓட விடுங்க."

"டேப் வீணாப் போகுமே சார்?"

"போகட்டும் தம்பி. காசு நான்தானே குடுக்கிறேன்."

பாஸ் பட்டன் போட்டால் இடைவெளி விழாது. பதிவாகும் ஒலியின் லெவலைப் பூஜ்யத்துக்கு இறக்கி, டேப்பை ஓடவிட்டு, மனசுக்குள் பத்து எண்ணி, மறுபடி ஏற்ற வேண்டும். அந்தப் பத்து விநாடியில் எனக்குச் செய்ய ஒன்றுமில்லை. முடிந்த பாட்டு காதிலேயே நிற்கும். பாட்டைக் கேட்க நான் பழகியது அந்த இடைவெளிகளில்தான் என்று நினைக்கிறேன். அதற்கு முன் லெவல் மீட்டரின் முள் சிவப்புக்குப் போகிறதா என்று மட்டும்தான் பார்ப்பேன்.

அவர் லிஸ்டுகளை இன்றும் என்னால் ஓரளவு ஒப்பிக்க முடியும். ஒரு தொண்ணூறு நிமிடக் கேசட்டில் ஏ சைடு முழுக்கத் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை நாதஸ்வரத்தில் வாசித்த தோடி ராகம். பி சைடில் இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்?' அது 1986-ல் வந்த புதிது. தியாகராஜருக்கும் ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்குக்கும் (Bach) சமர்ப்பணம் செய்த வாத்திய இசை. பாட்டே இல்லையே என்று பலர் திருப்பிக் கொடுத்த கேசட். சார் அதைக் கேட்டுவிட்டு அன்று மாலையே திரும்ப வந்து, "நரசிம்மன் வயலினைக் கேட்டீங்களா தம்பி?" என்று கேட்டார். யார் வாசித்தது என்று கவரின் பின்பக்கத்தைப் படிக்க வேண்டும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். காருகுறிச்சியாரின் நாதஸ்வரத்தோடு எஸ். ஜானகி பாடிய 'சிங்கார வேலனே'யை ஒரு கேசட்டில் வைத்து, அடுத்ததாகவே 'உதிரிப்பூக்கள்' படத்தின் 'அழகிய கண்ணே'யை வைத்திருந்தார். 1962-க்கும் 1979-க்கும் நடுவில் பதினேழு வருடம். ஒரே குரல்தான். முதல் பாட்டில் நாதஸ்வரத்துக்குச் சமமாக ஏறிப் போகிறது, இரண்டாவதில் குழந்தை விழித்துவிடக் கூடாதே என்பதுபோலப் பாடுகிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டியதைவிட நல்ல இசை வகுப்பு எனக்கு அப்புறம் கிடைக்கவில்லை.

அந்தப் படத்தை நான் பார்த்ததில்லை என்றதும் மறுநாள் அதற்கு மூலக் கதையான புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யைக் கொண்டுவந்து தந்தார். முதலில் இதைப் படி, படம் எப்போதாவது வரும், வேறு மாதிரி இருக்கும், ஏமாந்துவிடாதே என்றார். படம் உண்மையிலேயே வேறு மாதிரிதான் இருந்தது. கடைசியில் ஊரே கரையில் நிற்க, சுந்தரவடிவேலு ஆற்றுக்குள் நடந்து போகும் காட்சியில் எனக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது. சத்தம் போட வேண்டிய இடத்தில் இயக்குநர் மகேந்திரன் போடவில்லை. சாருக்கு அதுதான் பிடிக்கும் என்று எனக்கு ஒரு தீர்மானம் ஏற்பட்டது.

பார்க்கப் பார்க்க எல்லாமே அதில் வந்து பொருந்தியது. புத்தகத்தில் அசோகமித்திரன்: குரலை உயர்த்தாமல் எழுதுகிறவர். தி. ஜானகிராமனின் 'மோகமுள்'ளில், எங்கள் ஊர்க் கதை என்பதற்காக மட்டும் இல்லாமல், சங்கீத ஆசான் ரங்கண்ணா வரும் பக்கங்களைத் திரும்பத் திரும்பப் படிப்பார். தொலைக்காட்சியில் 'ராமாயணம்' ஓடும் ஞாயிறு காலையில் தெருவே காலியாக இருக்கும், அவர் ஆற்றங்கரையில் நடந்துகொண்டிருப்பார். ஆனால் சங்கர் நாக் எடுத்த 'மால்குடி டேஸ்' என்றால் பக்கத்து வீட்டில் முதல் ஆளாகப் போய் உட்காருவார். அதன் தொடக்க இசையைப் போட்ட எல். வைத்தியநாதனைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார். ஞாயிறு மதியம் காட்டும் வங்காள, மலையாளப் படங்களையும் விடமாட்டார். "பாஷை புரியாதே சார்" என்றால், "முகம் புரியுதே" என்பார்.

நாள் முழுக்கப் பித்தளையில் சுத்தியல் விழும் ஓசைக்கு நடுவே உட்கார்ந்து கூட்டல் போடுகிறவர். அதனால் அமைதியைத் தேடுகிறார். அந்தப் பத்து விநாடியும் அதற்குத்தான். இப்படி நானே ஒரு காரணம் கட்டி வைத்துக்கொண்டேன். அவரிடம் கேட்டதில்லை. ஒன்றே ஒன்று மட்டும் அதில் அடங்காமல் நின்றது. பல கேசட்டுகளில் பி சைடின் கடைசிப் பாட்டு சந்திரபாபு பாடியதாக இருக்கும். அந்தத் துள்ளலுக்கும் தோடிக்கும் என்ன உறவு? எனக்கு விளங்கவில்லை, விட்டுவிட்டேன்.

கடை மூடிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. இப்போது பழைய கேசட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தரும் வேலையை வீட்டிலேயே செய்கிறேன். போன வருடம் ஒரு அம்மா துணிப்பையில் இருபத்துமூன்று கேசட் கொண்டுவந்தார். கவரில் இருந்தது என் கையெழுத்து. சாரின் மகள். அவர் காலமாகி நான்கு வருடம் ஆயிற்று என்றார். சிலவற்றில் டேப்பை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் பஞ்சுத் துண்டு உதிர்ந்து போயிருந்தது. கேசட்டின் கூட்டைப் பிரித்து, டேப்பை வேறு கூட்டுக்கு மாற்றி ஓட்டினேன். ஜானகியின் குரல் கொஞ்சம் மங்கியிருந்தாலும் வந்துவிட்டது.

என்னிடம் இருக்கும் மென்பொருள் சத்தமில்லாத இடத்தைக் கண்டுபிடித்து, அதை நீக்கிவிட்டுப் பாட்டுகளைத் தனித்தனியாக வெட்டித் தரும். எல்லோருக்கும் அப்படித்தான் கொடுக்கிறேன். இவருக்கு மட்டும் கேட்காமல் செய்ய மனம் வரவில்லை.

"நடுவுல பத்துப் பத்து விநாடி இடைவெளி இருக்கும்மா. எடுத்துடலாமா?"

"ஐயோ, வேணாம் சார். அப்பா அதுலதானே பேசுவாங்க."

"டேப்ல ஒண்ணும் பேச்சு இல்லையேம்மா."

"டேப்ல இல்ல சார். ராத்திரி சாப்பிட்டு நாங்க நாலு பேரும் உக்காந்து கேப்போம். ஒரு பாட்டு முடிஞ்சதும், அடுத்த பாட்டுல புல்லாங்குழல் எங்க வரும், யாரு வாசிச்சாங்கன்னு வேக வேகமாச் சொல்லுவாங்க. சொல்லி முடிக்கவும் பாட்டு ஆரம்பிக்கவும் சரியா இருக்கும். கடைசிப் பாட்டுக்கு மட்டும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. சந்திரபாபு பாட்டு வந்தாத் தம்பி எந்திரிச்சு ஆடுவான்."

இருபத்துமூன்று கேசட்டையும் சைடு வாரியாக, எங்கேயும் வெட்டாமல் ஏற்றிக் கொடுத்தேன். ஏற்றும்போது ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் டேப்பின் மெல்லிய இரைச்சல் மட்டும் ஓடியது. பழக்கம் போகவில்லை, ஒன்று இரண்டு என்று எண்ணினேன். பெரும்பாலும் பத்தில் வந்து நின்றது. ஒரே ஒரு இடத்தில் ஏழிலேயே பாட்டு தொடங்கிவிட்டது.