பரண்ல கிடந்த 2013 லேப்டாப், இதுவரைக்கும் ஆனது

அக்காவோட பழைய லேப்டாப், ஐ3, ரெண்டு 2 ஜிபி டிடிஆர்3 ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். பவர் பட்டன அமுக்குனா லைட் எரியும், ஃபேன் லேசா சுத்தும், ரெண்டு செகண்ட்ல ஆஃப், தானாவே மறுபடி ஆன், மறுபடி ஆஃப். ஸ்க்ரீன் கும்மிருட்டு. ஏரியா கடைல திறந்துகூட பாக்காம "போர்டு போச்சு சார், புதுசே வாங்கிருங்க"ன்னுட்டாங்க. அக்கா வேற "போட்டோவ மட்டும் எடுத்துக் குடுடா, மத்தத தூக்கிப் போடு"ங்குது. திறக்காம சொல்ற தீர்ப்ப நான் நம்புறதில்ல, அதனால நாமளே பாத்துருவோம்னு உக்காந்தாச்சு.

மொதல்ல அடாப்டர். பின்னோட உள் ஓட்டை ப்ளஸ், வெளிப்பக்கம் மைனஸ், மல்டிமீட்டர் 19.4 வோல்ட் காட்டுச்சு. ஸ்டிக்கர்ல 19 வோல்ட் 3.42 ஆம்பியர். சரிதான், ஆனா சும்மா இருக்கும்போது 19 காட்டுற அடாப்டர் சில சமயம் லோடு ஏறுனதும் படுத்துக்கும், அதனால பக்கத்து வீட்டுல அதே 65 வாட் அடாப்டர் வாங்கி மாட்டியும் பாத்தேன், அதே கூத்து. பேட்டரி, சார்ஜர் ரெண்டையும் கழட்டிட்டு பவர் பட்டன அரை நிமிஷம் அமுக்கிப் பிடிச்சா நிறைய பழைய லேப்டாப் எந்திரிச்சிரும், இது எந்திரிக்கல. ஸ்க்ரீனோட பின் லைட் மட்டும் போயிருக்கான்னு டார்ச்ச சாய்ச்சு அடிச்சும் ஸ்க்ரீன்ல நிழலா கூட எழுத்து இல்ல, விஜிஏல மாட்டுன மானிட்டர்லயும் நோ சிக்னல்.

இனிதான் மேட்டரே. ரெண்டு ரேமையும் உருவிட்டு ஆன் பண்ணேன். பீப் பீப்னு விடாம கத்துது, ஆஃப் ஆகவும் இல்ல! ரேம் காணோம்னு பயோஸ் (ஆன் பண்ணதும் மொதல்ல ஓடுற, போர்டுலயே இருக்குற ப்ரோக்ராம்) கத்துதுன்னா ப்ராசசர் ஓடுது, பயோஸ் சிப் உயிரோட இருக்கு, போர்டு சாகலன்னு அர்த்தம். (சில மாடல் கத்தாது, கேப்ஸ் லாக் லைட்ட சிமிட்டும்.) அப்புறம் ஒரு ரேம் ஒரு ஸ்லாட்னு மாத்தி மாத்தி போட்டதுல, கீழ் ஸ்லாட்ல ரெண்டு ரேமும் ஓடுது, மேல் ஸ்லாட்ல எத போட்டாலும் பழையபடி ஆன் ஆஃப். போன் கேமராவ ஜூம் பண்ணி மேல் ஸ்லாட்ட பாத்தா ஒரு ஓரத்துல நாலஞ்சு பின்னு மேல சுவத்துல உப்பு பூத்த மாதிரி வெள்ளையா படிஞ்சிருக்கு. வீடு கடலுக்குப் பக்கம், பரண் சுவரும் ஓதம், வேற என்ன ஆகும். ஐசோப்ரொபைல் ஆல்கஹால்ல பழைய டூத் ப்ரஷ்ஷ தொட்டு பின்னு போற வாக்குலயே தேச்சேன், குறுக்க தேச்சா பின்னு வளைஞ்சிரும். ரேமோட தங்க கலர் கான்டாக்ட்ட பென்சில் ரப்பரால ஒரு தேய். நல்லா காயவிட்டு ரெண்டையும் போட்டு ஆன் பண்ணா லோகோ வந்துருச்சு, 4 ஜிபியும் காட்டுது.

கூடவே தேதி தப்பு, எஃப்1 அமுக்குன்னு மெசேஜ். தேதியையும் பயோஸ் செட்டிங்கையும் காப்பாத்துற சிமாஸ் செல் காலி, 3 வோல்ட் இருக்க வேண்டிய சிஆர்2032 அளந்தா 1.1. இதுல இருந்தது வயரும் குட்டி கனெக்டரும் வச்சு சுத்துன டைப், கடைல வயர் வச்சதுன்னு சொல்லிக் கேக்கணும், வெறும் செல் மேல சால்டரிங் அயர்ன் வைக்காதீங்க, சூட்டுல வெடிக்கலாம். தேதி பின்னாடி போயிருந்தா பிரவுசர்ல சர்டிஃபிகேட் எரர்தான் வரும், நெட்டுதான் போச்சுன்னு ரவுட்டர நோண்டிட்டு இருப்போம்.

ஹார்ட் டிஸ்க் டிக் டிக்னு சத்தம். அதனால விண்டோஸுக்குள்ளயே போகல, லினக்ஸ் மின்ட்ட (விண்டோஸ் மாதிரி ஒரு இலவச ஓஎஸ்) பென்டிரைவ்ல இருந்து ஓட்டி மொதல்ல போட்டோ எல்லாத்தையும் வெளி டிஸ்க்குக்கு இழுத்தேன், அதுக்கப்புறம்தான் டிஸ்க் தன் ஹெல்த்த பத்தி தானே எழுதி வைக்கிற ஸ்மார்ட் ரிப்போர்ட்ட பாத்தேன், ரீஅலோகேட்டட் செக்டார், அதாவது கெட்டுப்போய் வேற இடத்துக்கு மாத்துன பகுதி, எகிறிக் கிடக்கு. 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி அதே இடத்துல அப்படியே உக்காந்துச்சு. விண்டோஸ் 10 சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சுது, 11 இந்த ப்ராசசர சேத்துக்கவே சேத்துக்காது, அதனால மின்ட்டோட லேசான வெர்ஷன் எக்ஸ்எஃப்சிஇயே போட்டுட்டேன், 4 ஜிபிக்கு தாராளம்.

பாக்கி இருக்கறது பேட்டரி, கொஞ்ச நேரம் கூட நிக்கல, டூப்ளிகேட் வாங்க மனசு வரல, ப்ளக்லயே ஓடுது. ஃபேனும் ரொம்ப இரையுது, ப்ராசசர் சூட்ட ஹீட் சிங்க்குக்கு கடத்துற தெர்மல் பேஸ்ட் காஞ்சு மண்ணாயிருக்கும், அடுத்த ஞாயிறு ஹீட் சிங்க்க கழட்டிப் பாத்துட்டு சொல்றேன்.